கெடு சிஸ்டரும் நாற்பத்துமூன்று நாள் புண்ணும்

எங்கள் மருத்துவமனையில் வாசலை ஒட்டியிருக்கும் மூன்றாவது ஜன்னல் என்னுடையது. வருகிறவர்களிடம் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று மூன்றே கேள்விகள் கேட்டுச் சீட்டு எழுதித் தருவது என் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். பெயரைச் சொல்ல யாரும் யோசித்ததில்லை. தொந்தரவைச் சொல்ல ஆரம்பித்தால் யாரும் நிறுத்தியதில்லை. நடுவில் இருக்கிற வயதில்தான் வண்டி நின்றுவிடும். ஒருவர் துணைக்கு வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். ஒருவர் கூரையைப் பார்ப்பார். இன்னொருவர், "ஒரு ஐம்பது போட்டுக்கோங்களேன்" என்று காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி சொல்வார். நானும் போட்டுக்கொள்வேன். கேட்பது என் கடமை, நம்புவது என் கடமை இல்லை.

சீட்டு வாங்கியவர்களில் புண், கொப்புளம், வெட்டுக்காயம் என்று வந்தவர்கள் நேரே ஒன்பதாம் நம்பர் அறைக்குப் போவார்கள். அங்கேதான் கெடு சிஸ்டர் இருந்தார்.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உண்டு. முப்பத்தொரு வருஷமாகக் கட்டுப் போடுகிற அறையில் வேலை. ஆள் குள்ளம், ஒல்லி, ஆனால் குரல் மட்டும் இரண்டு மாடிக்குக் கேட்கும். கட்டைப் பிரித்ததும் முதலில் புண்ணை ஒரு பார்வை, பிறகு ஆளை ஒரு பார்வை பார்ப்பார். உடனே ஒரு கெடு சொல்வார். கையைச் சுட்டுக்கொண்ட சமையல்காரருக்குப் பன்னிரண்டு நாள். சைக்கிளிலிருந்து விழுந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு ஆறு நாள். "ஏழாவது நாள் மறுபடி விழுவா, அதுக்குத் தனியா சொல்றேன்" என்று அம்மாவிடம் கூடுதல் தகவலும் உண்டு.

சொன்ன நாளில் புண் ஆறிவிடும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான். இரண்டு நாள் தள்ளிப்போனால் அவர் புண்ணைச் சந்தேகப்பட மாட்டார், ஆளைத்தான் சந்தேகப்படுவார். "தண்ணி பட்டுச்சா? தூங்காம சுத்தினியா? பிரிச்சுப் பாத்தியா? உண்மையைச் சொல்லு." பெரிய டாக்டர்கள்கூடத் தங்கள் நோயாளிகளை ஏதாவது சாக்குச் சொல்லி ஒன்பதாம் அறைக்கு அனுப்பி, "சிஸ்டர் எத்தனை நாள்னு சொன்னாங்க?" என்று பிறகு நைசாக விசாரிப்பார்கள்.

ஒரு நாள் ஒரு பெரியவருக்கு ஏழு வாரம் என்று சொன்னார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் பேரனுக்கும் இதே மாதிரி அடிதாம்மா. ஒரே வாரத்துல ஆறிடுச்சே?"

"உங்க பேரன் உடம்புல ரிப்பேர் வேலைக்கு ஆள் ஜாஸ்தி. அடிபட்டதும் ஓடி வந்துடுவாங்க. உங்க உடம்புல இருக்கிறவங்க எழுபது வருஷமா வேலை பாத்து அலுத்தவங்க. கூப்பிட்டா, இதோ வரேன்னு சொல்லிட்டு நிதானமாத்தான் வருவாங்க. ஆனா வந்துடுவாங்க. அதுவரைக்கும் நீங்க அவங்களைத் தொந்தரவு பண்ணாம இருக்கணும்."

பெரியவர் சமாதானமாகிப் போனார். சரியாக ஏழாவது வாரம் வந்து நன்றியும் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. ஒரு கொத்தனார் கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தினமும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆறவில்லையே என்று வந்து நின்றார். சிஸ்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"கட்டு என்ன டி.வி.யா, அப்பப்போ திறந்து பாக்கறதுக்கு? உள்ள ஒரு வேலை நடந்துக்கிட்டு இருக்கு. நீ திறக்கும்போதெல்லாம் நேத்து வளர்ந்த தோல் துணியோட ஒட்டிக்கிட்டு வந்துடுது. தெரியுமா உனக்கு?"

இதைச் சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார். நோயாளிகள் கட்டிலில் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி அங்கே கிடக்கும். அதன் முனை அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் பட்டு இழுத்தது. சாதாரண இடிதான். ஆனால் அந்த இடத்தில் தோல் ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு ஒதுங்கிவிட்டது. தீப்பெட்டி அளவுக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

கொத்தனார்தான் முதலில் எழுந்து, "சிஸ்டர், நீங்க உக்காருங்க" என்றார். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து மாவுக்கட்டு அண்ணன் ஓடி வந்தார். எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவர் அவர். பருத்த உடம்பு. ஓடி வந்தால் அவருக்கு முன்னால் அவர் மூச்சு வந்து சேரும். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் இடையே ஒரு போட்டி. எலும்பு ஒட்டுவது பெரிதா, தோல் மூடுவது பெரிதா என்பது அவர்களுடைய தீராத வழக்கு.

சிஸ்டர் யாரையும் தொடவிடவில்லை. தானே கழுவினார், தானே சுருண்ட தோலை ஈரப் பஞ்சால் நீவிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், தானே கட்டினார்.

"எத்தனை நாள் சிஸ்டர்?" என்றார் மாவுக்கட்டு அண்ணன்.

"பத்து."

கொத்தனார்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"போன மாசம் இதே இடத்துல அடிபட்டு வந்தாங்களே ஒரு டீச்சர். அவங்களுக்கு அஞ்சு வாரம்னு சொன்னீங்க."

"அவங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசு."

"உங்களுக்கு?"

"ஐம்பத்தேழு."

அந்த ஒரு வருஷத்தில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்க மாவுக்கட்டு அண்ணனுக்கு ஆசை. ஆனால் சிஸ்டர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. பேசாமல் போய்விட்டார்.

சிஸ்டரின் கணவர் ஸ்டுடியோக்காரர். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுத்து எடுத்து, சாப்பாட்டு மேஜையில்கூட "கொஞ்சம் முகவாயை இறக்கு" என்று சொல்கிற மனிதர். எதையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் அவருக்கு. மனைவி பத்து நாள் என்று அறிவித்ததைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"தினமும் ஒரு படம் எடுத்துடுவோம். பத்து படத்துல புண் ஆறுற முழுக் கதையும் வந்துடும்."

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?"

"உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவன் சொல்றேன், கேளு."

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷமாக அவர் எந்த வாதத்தையும் இந்த ஒரு வரியில்தான் முடிப்பார். சிஸ்டரும் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொள்வார். வெளியில் இரண்டு மாடிக்குக் கேட்கிற குரல் வீட்டில் இந்த இடத்தில் மட்டும் அடங்கிவிடும். ஏன் அடங்கியது என்று யாரும் யோசித்ததில்லை.

நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் காலை நீட்டி, பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் படம் எடுத்தார். கட்டு மாற்றுகிற நாட்களில் புண்ணோடு, மற்ற நாட்களில் கட்டோடு. மூலையில் தேதி போட்டு ஸ்டுடியோ சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டு மேப்புங்க?" என்று கேட்டார். "என் வீட்டம்மா" என்றார் இவர். வந்தவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

முதல் வாரம் எல்லாம் சரியாகவே நடந்தது. மூன்று நாள் வீங்கிச் சிவந்திருந்தது. பிறகு வீக்கம் வடிந்து, மாதுளை முத்து மாதிரி சிவந்த சதை பொடிப் பொடியாக அடியிலிருந்து எழும்பியது. ஒன்பதாம் நாள் ஓரத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. புதுத்தோல்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தால், தீப்பெட்டி தபால்தலை ஆகியிருந்தது. ஆனால் மூடவில்லை.

"வெளிச்சம் சரியில்லை, அதான் பெருசா தெரியுது" என்றார் சிஸ்டர்.

பன்னிரண்டாம் நாள், கேமரா பழசு என்றார். பதினைந்தாம் நாள் மாவுக்கட்டு அண்ணன் ஒன்பதாம் அறை வாசலில் நின்று, "சிஸ்டர், பத்து நாள் ஆயிடுச்சா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"நான் சொன்னது வேலை நாள். ஞாயித்துக்கிழமை சேராது."

"அப்ப பொது விடுமுறையும் கழிச்சுக்கலாமே?"

"எலும்பு ஒட்டுறவங்க எலும்பை மட்டும் பாத்தா போதும்."

வாய் இப்படிப் பேசினாலும் அவருக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது. ஆயிரக்கணக்கான புண்களைப் பார்த்த கண் தன் புண்ணைப் பார்க்கும்போது மட்டும் கலங்கியது. காலையில் பல் தேய்க்கும் முன் கட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்ப்பார். மதியம் கழிப்பறைக்குள் போய் ஒரு தரம். வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்து ஒரு தரம். ஒவ்வொரு முறையும், ஓரம்தானே, முழுசாகவா பிரித்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். பிறகு புதுப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார். புண் பதினைந்தாம் நாள் இருந்த இடத்திலேயே இருபதாம் நாளும் நின்றது.

இருபத்துநாலாம் நாள் காலை என் ஜன்னலுக்கு முன்னால் கெடு சிஸ்டர் நின்றார். பக்கத்தில் ஸ்டுடியோக்காரர், கையில் ஒரு ஆல்பம். ஊழியர் என்றாலும் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதித்தான் ஆகவேண்டும். எனக்கே தர்மசங்கடமாக இருந்தது. பெயரைக் கேட்காமல் எழுதிவிட்டேன்.

"வயசு?"

சிஸ்டர் கூரையைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் கூரையைப் பார்த்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை?

"ஐம்பத்தேழு."

எழுதினேன்.

இதற்குப் பிறகு டாக்டரம்மா அறையில் நடந்ததைக் கணவன், மனைவி இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிற பாகத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டாக்டரம்மா நிதானமானவர். சர்க்கரைப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், ஒன்றுமில்லை. பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார், ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. புண்ணின் ஓரத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"ஓரம் நகரவே இல்லையே சிஸ்டர். இவ்வளவு நாள் ஒரே இடத்துல நின்னா கொஞ்சம் யோசிக்கணும். ஓரத்துலேர்ந்து சின்னதா ஒரு துணுக்கு வெட்டி எடுத்து அனுப்பிப் பாத்துடலாமா?"

மற்றவர்களின் ரணத்தை முப்பத்தொரு வருஷமாகச் சுரண்டிச் சுத்தம் செய்தவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டர். வெட்ட வேண்டாம். ஏன் ஆறலைன்னு எனக்குத் தெரியும்."

"ஏன்?"

"எனக்கு ஐம்பத்தேழு இல்லை டாக்டர். அறுபது."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து, "அறுபதா? எனக்கே ஐம்பத்தொன்பதுதானே!" என்று ஒரு குரல் வந்தது. ஸ்டுடியோக்காரர் எழுந்து நின்றிருந்தார். ஆல்பம் தரையில் கிடந்தது.

டாக்டரம்மா குடும்ப விவகாரத்துக்குள் போக விரும்பாமல் குனிந்து ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பத்தாம் நாள் படத்துக்கு அப்புறம் அவர் புருவம் ஏறியது. கட்டைச் சுற்றித் தோலில் பிளாஸ்டர் ஒட்டி உரித்த சிவப்புத் தடங்கள். ஒரு தடம் நேராக, ஒன்று சாய்வாக, ஒன்று இன்னும் சாய்வாக.

"மூணு நாளைக்கு ஒருமுறைதானே கட்டு மாத்தறீங்க? இங்க ஒரே நாள்ல மூணு தடம் இருக்கே?"

சிஸ்டர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"திறந்து பாக்கறீங்களா?"

"ஓரத்தை மட்டும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"மூணு. சில நாள் நாலு."

டாக்டரம்மா ஆல்பத்தை மூடிவிட்டுச் சிரித்தார். "மூணு வயசு கூடக்குறைய இருந்தா புண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். ஐம்பத்தேழோ அறுபதோ, இந்த வயசுல அந்த இடத்துல அடிபட்டா அஞ்சாறு வாரம் ஆகும். இது எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் புதுசா வேலைக்கு வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க? நாள் முழுக்க நின்னு காலை வீங்க வைக்கறது ஒண்ணு, கட்டைத் திறந்து திறந்து பாக்கறது ஒண்ணு. அதான் வியாதி. துணுக்கும் வெட்ட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கெடு சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றிய ரகசியத்தை அவசரப்பட்டு, ஒரு அவசியமும் இல்லாமல், கட்டிய கணவனுக்கு முன்னாலேயே போட்டு உடைத்தாயிற்று. பிரித்துப் பார்த்தேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் மூன்று வயது மிஞ்சியிருக்கும்.

டாக்டரம்மா தானே புதுக்கட்டுப் போட்டார். காலை இரண்டு தலையணை உயரத்தில் வைத்து இருபது நாள் ஓய்வு. முட்டை, பால், மீன் என்று வயிறாரச் சாப்பாடு. எட்டு மணி நேரத் தூக்கம். கடைசியாகப் பேனாவை எடுத்து, பிளாஸ்டரிலும் பக்கத்துத் தோலிலும் சேர்ந்து விழுகிற மாதிரி நான்கு பக்கமும் கையெழுத்துப் போட்டார்.

"இது சீல். அஞ்சு நாள் கழிச்சு நான்தான் பிரிப்பேன். கையெழுத்து ஒட்டாம கோணிப்போயிருந்தா தெரிஞ்சுடும்."

அன்று ஸ்டுடியோ திறக்கவில்லை. மனைவி கட்டிலில் சாய்ந்து காலைத் தலையணையில் வைத்த பிறகு, ஸ்டுடியோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி?" என்றார்.

சிஸ்டர் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு வேலை ஊர் ஊராக மாற்றலாகும். பெண்களைப் பள்ளியில் சேர்ப்பது இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. கடைசியில் அக்காவையும் தங்கையையும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். அக்காவுக்குப் பத்து, இவருக்கு எட்டு. இவ்வளவு பெரிய பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார் தலைமை ஆசிரியர். அப்பா வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு அரைமணி கழித்துத் திரும்ப வந்தார். அதற்குள் அக்காவுக்கு ஆறு வயதும் தங்கைக்கு ஐந்து வயதும் ஆகியிருந்தது. இருவரும் குள்ளம் என்பதால் கேள்வி எழவில்லை.

"பெண் பாக்க வந்தப்ப இதைச் சொல்லக்கூடாதா?"

"அதுக்குள்ள எனக்கே அதுதான் வயசுன்னு ஆயிடுச்சுங்க. சத்தியமா. யாராவது கேட்டா பொய் சொல்ற மாதிரியே இருக்காது. நீங்க ரெண்டு வயசு மூத்தவன்னு சொல்லும்போது மட்டும் உள்ள ஒரு மாதிரி இருக்கும். இரும்புப்படி பட்டதும் தோல் சுருண்டுச்சே, அப்பதான் பயந்துட்டேன். வயசானவங்க தோல்தான் அப்படிக் கழண்டு வரும். மேல்தோலையும் கீழ்த்தோலையும் இறுக்கிப் பிடிச்சிருக்கிற பிடிப்பு வயசாக ஆகத் தளர்ந்துடும். எத்தனை பேர் கால்ல பாத்திருக்கேன். என் கால்ல பாக்கப் பிடிக்கலை."

ஸ்டுடியோக்காரர் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தார்.

"இந்தாங்க, குடிங்க."

சிஸ்டர் டம்ளரை வாங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க?"

"குடிங்கன்னேன். மூத்தவங்களை நீ, வான்னு பேசற மாதிரி வளர்க்கலை என்னை."

அன்று தொடங்கியது. "முட்டை ஒண்ணா, ரெண்டா? சொல்லுங்க." "தலையணை போதுமா உங்களுக்கு?" "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அனுபவம் இருக்கு." தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்று பேச்சு வந்தால், "சின்னவன் நான் என்ன சொல்லப்போறேன்?" என்பார். வெளியே ஒருநாளும் பணியாத குரல் வீட்டுக்குள் கெஞ்சியது. "ஏங்க, ப்ளீஸ், என்னை நீன்னு கூப்பிடுங்க. தெரியாத ஆள் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு." அவர் கேட்கவில்லை. முப்பத்துமூன்று வருஷப் பாக்கியை ஒரே மூச்சில் கொடுத்துத் தீர்க்கிற ஆள் மாதிரி மரியாதை செலுத்தினார்.

ஆனால் இதற்கு நடுவே ஒன்று நடந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருநாளும் பகலில் காலை நீட்டி உட்காராத பெண், முதல்தடவையாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். கட்டின் மேல் அவர் கண் போகும்போதெல்லாம் கணவர் ஏதாவது கேட்டுப் பேச்சுக் கொடுப்பார். ஸ்டுடியோவில் பிலிம் நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியால் காலையும் மாலையும் டாக்டரம்மாவின் கையெழுத்தைச் சரிபார்ப்பார்.

"இப்ப உள்ள என்ன நடந்துக்கிட்டு இருக்கும், சொல்லுங்க."

"அடியில சதை எழும்பி முடிஞ்சிருக்கும். இப்ப ஓரத்துலேர்ந்து தோல் நடக்க ஆரம்பிக்கும்."

"நடக்குமா?"

"நடக்கும். ஓரத்துல இருக்கிற தோல்தான் கொஞ்சம் கொஞ்சமா நடுப்பக்கம் நகர்ந்து வரும். ஈரம் இருக்கணும், அசையக்கூடாது. எதிர்க்கரையிலேர்ந்து வர்ற தோலைத் தொட்டதும் நின்னுடும். யாரும் போய் சொல்ல வேண்டாம். சின்ன வயசுல வேகமா போகும். நம்ம வயசுல..." இங்கே அவர் நிறுத்தினார். நம்ம வயசு என்று சொன்னது அவருக்கே புதிதாக இருந்தது. "நம்ம வயசுல மெதுவா போகும். முதல்ல குப்பை அள்ள வர்றவங்களே வேலையை முடிச்சுட்டுக் கிளம்ப நாளாகும். அவங்க கிளம்பினாத்தானே கட்டுறவங்க வர முடியும்? ஆனா வேலை நிக்காதுங்க. எண்பது வயசுக்காரங்களுக்கும் மூடியிருக்கு. தொண்ணூறு வயசுக்கும் நான் கட்டியிருக்கேன்."

"மூடினப்புறம் பழைய மாதிரி ஆயிடுமா?"

"பழைய மாதிரி ஆகாது. மேல மூடினாலும் உள்ள ஒரு வருஷம் முறுக்கி இழுத்துக் கட்டிக்கிட்டே இருக்கும். அப்பவும் பழைய பலத்துல முக்கால்வாசி, மிஞ்சிப்போனா அதுக்கு மேல கொஞ்சம். அது போதும், நடக்கறதுக்கு."

"போதும்தான்" என்றார் ஸ்டுடியோக்காரர். அந்த ஒரு தடவை மரியாதை விகுதி எதுவும் இல்லாமல்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா சீலைப் பிரித்தபோது கையெழுத்து அப்படியே இருந்தது. தபால்தலையின் நான்கு ஓரமும் உள்ளே வந்திருந்தன. மறுபடி கட்டு, மறுபடி கையெழுத்து. அந்த முறையும் சீட்டு வாங்க என் ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். நான் பழையபடி ஐம்பத்தேழு என்று எழுதப் போனேன். சிஸ்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"அறுபது" என்றார். பிறகு, "மெதுவா எழுதுங்க" என்றார்.

எவ்வளவு மெதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுதினேன். அலுவலகக் கோப்பில் இருக்கிற வயதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் வேலை சீட்டு மட்டும்தான்.

அடிபட்டு நாற்பத்துமூன்றாம் நாள் புண் முழுசாக மூடியது. படத்தில் ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒரு சிறு தழும்பு மட்டும் தெரிந்தது. மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். இரும்புப் படியின் முனைகளுக்கெல்லாம் மாவுக்கட்டு அண்ணன் பஞ்சு வைத்து மாவுக்கட்டுப் போட்டு வைத்திருந்தார். "ஆறு வாரம் கழிச்சுப் பிரிக்கணும்" என்று அதன்மேல் எழுதியும் இருந்தார். சிஸ்டர் சிரித்துவிட்டார். இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் கட்டுகிறார். கெடு சொல்வது நிற்கவில்லை. ஆனால் சொல்லும் முன் என் சீட்டை எடுத்துப் பார்த்து, ஆளையும் பார்த்து, "இது சீட்டு வயசு. புண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்கிறார். பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி வேறொரு எண் சொல்வதாகக் கேள்வி.

ஸ்டுடியோக்காரருக்கும் மரியாதை அலுத்துவிட்டது. ஒரு மாலை சட்டையைக் காணாமல், "ஏய், என் வெள்ளைச் சட்டை எங்க வச்ச?" என்று கத்திவிட்டார். சிஸ்டர் அந்தச் சட்டையைச் சந்தோஷமாகத் தேடிக் கொடுத்தார்.

எல்லாம் அடங்கியது என்று நினைத்திருந்தபோது, ஒரு மதியம் ஒன்பதாம் அறையிலிருந்து அவருடைய குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்து கேட்டது. நான் பதிவேடு கொடுக்கப் போயிருந்தேன். தொலைபேசியில் அவருடைய அக்கா. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் சிஸ்டர்.

"உன் கால் ஆறிடுச்சு, சந்தோஷம். என் வீடு ரணகளமா கிடக்கு, அது தெரியுமா உனக்கு?" என்றது அக்காவின் குரல். "உன் வீட்டுக்காரர் இவர்கிட்ட போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டார். இவருக்கு அறுபத்தொண்ணு. என்னை ஐம்பத்தெட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். தங்கச்சிக்கே அறுபதுன்னா உனக்கு எத்தனைன்னு ரெண்டு நாளா விரலை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கார்."

"நிஜத்தைச் சொல்லிடேன் அக்கா. ஒண்ணும் ஆகாது. ஒரு வாரம் நீங்க நீங்கன்னு கூப்பிடுவார், அப்புறம் சரியாயிடும்."

"உனக்கென்ன, சொல்லுவே. நான் வேற வழி பண்ணிட்டேன். உண்மையில நீதான் மூத்தவ, நான்தான் இளையவ, சின்ன வயசுல மாத்திக் கூப்பிட்டு அப்படியே பழகிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "அவர் நம்பிட்டாரா?"

"ரெண்டு விரலை நிமிர்த்திட்டார். பாதி நம்பின மாதிரிதான். ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் உன் வீட்டுக்கு வரோம். வாய் தவறிக்கூட அக்கான்னு கூப்பிட்டுடாதே. நான் உன்னைக் கூப்பிடுறேன். இப்பவே பழகிக்கலாம். என்ன அக்கா, சரியா?"

கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர், நான், வாசலில் வந்து நின்ற மாவுக்கட்டு அண்ணன் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரையே பார்த்தோம். அவர் கத்தரிக்கோலை எடுத்துத் துணியின் நுனியை வெட்டினார், பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினார், தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

"சரிம்மா தங்கச்சி" என்றார். "பாத்து, பத்திரமா வந்து சேரு."